வலிக்காத சிவப்பு

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் குடோன் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நாற்பது பெண்கள் வரிசையாகச் சாக்கு விரித்து உட்கார்ந்து, சொளகில் காயைக் கொட்டி, காம்பு கிள்ளி, பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பொறுக்கிக்கொண்டிருந்தோம். மதியம் மூன்று மணி இருக்கும். எனக்கு எதிரே இருந்த அம்மாள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏ புள்ள, காலையில இருந்து கால மாத்தி மாத்திப் போட்டு ஒக்காந்திருக்கியே, ஒண்ணுக்குப் போனியா இல்லையா?"

மலையில் ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. நாற்பது பேருக்கும் கேட்டது. தராசு பக்கத்தில் நின்ற எடை போடுகிற அண்ணனுக்கும் கேட்டது. எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் எழுந்தாள். "அண்ணே, இந்தப் புள்ளைக்கு மூத்திரம் முட்டுது. எங்க வீடு ரெண்டு தெரு தள்ளித்தான, கூட்டிட்டுப் போயிட்டு வெரசா வந்துர்றேன்" என்று எடைக்கார அண்ணனிடம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர் தராசுப் படிக்கல்லைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அவளுக்குப் பெயர் உண்டு. இங்கே அது வேண்டாம். குடோனில் எல்லாருக்கும் அவள் மதினி.

அந்தக் காலத்தில் குடோன்களில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலையில் வீட்டில் போனால் இருட்டிய பிறகுதான். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்க மாட்டோம். மதினிதான் அதை முதலாளியிடம் சொன்னாள். முதலாளி ராவுத்தர் குடும்பம். பெண்களிடம் முகம் பார்த்துப் பேசாத, மென்மையான மனிதர். அவர் உள்ளே நுழைந்த நேரம் பார்த்து எழுந்து நின்று ஆரம்பித்துவிட்டாள்.

"முதலாளி, நாங்க நாப்பது பேரு காலையில எட்டு மணிக்கு வந்தா சாயந்தரம் வரைக்கும் அடக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கோம். இங்க நீர்க்கடுப்பு இல்லாத பொம்பளை ஒருத்தி கெடையாது. ஒக்கார எடம் குடுத்தீங்க. மத்ததுக்கும் ஒரு எடம் குடுங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டார். பத்து நாளில் கொத்தனார் வந்து குடோனுக்குப் பின்னால் இரண்டு அறை கட்டினார். அடுத்த தெரு குடோன் பெண்களும் ஒரு சாக்குச் சொல்லி அங்கே வந்துபோனார்கள்.

இந்த வாய் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே உண்டா என்று ஒருமுறை கேட்டேன். "இல்லத்தா. மூத்திரப்பையில கட்டி வந்த பெறகுதான்" என்றாள். நான் வருவதற்கு ஒரு வருடம் முந்திய கதை அது. காய் பொறுக்கிக்கொண்டே, யார் புதிதாக வந்தாலும் அவர்களுக்கு ஒரு தடவை சொல்லிவிடுவாள்.

மாதவிலக்கு நின்று நாலைந்து வருடம் கழித்து ஒரு நாள் காலையில் அவளுக்கு ரத்தம் தெரிந்தது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள், நிற்கிற காலத்தில் அப்படித்தான் விட்டுவிட்டு வரும் என்றார்கள். ஒரு நர்சம்மா கர்ப்பப்பை பலவீனம் என்று மாத்திரை கொடுத்தாள். ரத்தம் நின்றது. மாத்திரையால் நின்றது என்று நினைத்தாள். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தது. தானாக வந்தது, தானாக நின்றது. இப்படியே ஒரு வருடம் போயிற்று.

"அப்பத்தான் எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு" என்பாள். "வெள்ளைத் துணியத் தொவச்சுக் காயப்போட்டு, நல்லாச் சுருட்டி உள்ள வச்சுக்கிட்டேன். வச்சுக்கிட்டு வெள்ளைப் பீங்கான் கும்பாவுல ஒண்ணுக்கு இருந்தேன். கும்பா செவப்பா இருக்கு. துணிய எடுத்துப் பாத்தா வெள்ளை வெளேர்னு இருக்கு. அப்ப ரத்தம் எந்த வழியா வருது? சொல்லுங்கடி."

எல்லாரும் சொளகைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்குவோம்.

அவள் அந்தக் கும்பாவை ஒரு தட்டுப் போட்டு மூடி, துணியில் கட்டி, டாக்டர் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். "ரத்தம் ஒண்ணுக்குலதான் வருது டாக்டரய்யா. அந்த வழி சுத்தமா இருக்கு. நானே பாத்துட்டேன்." டாக்டர் தட்டைத் தூக்கிப் பார்த்தாராம். பிறகு மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மதுரைக்கு மகன் கூடப் போனான். போடிமெட்டுக்குத் தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்பு ஓட்டுகிற மகன். கூச்ச சுபாவம். அங்கிருந்த டாக்டர், "பீடி சுருட்டுப் பழக்கம் உண்டா?" என்று அவனைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் மதினியிடமிருந்து வந்தது. "உண்டுங்கய்யா. மெட்டுக்கு மேல பதினெட்டு வருசம் தோட்ட வேல. அந்தக் குளிருல பீடி இல்லாம நிக்க முடியாது." மகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அன்றைக்கு விட்டதுதான், பிறகு அவள் பீடியைத் தொடவில்லை. வாய் நமநமத்தால் வெடித்த காய் ஒன்றை எடுத்துக் கடைவாயில் போட்டுக்கொள்வாள். முதலாளி பார்த்தும் பார்க்காததுபோல இருப்பார்.

சிறுநீர் போகிற வழியாகவே குழாய் விட்டு, விளக்கு வைத்துப் பார்த்தார்கள். மூத்திரப்பைக்குள்ளே கோழிக்கொண்டைப் பூ மாதிரி ஒரு சதை. அந்தக் குழாய் வழியாகவே அதைச் சுரண்டி எடுத்துச் சுட்டுவிட்டார்கள். புற்றுநோய் என்பதை டாக்டர் மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் வராந்தாவில் நின்று அழுதான். இவள் மெல்ல நடந்து வந்து, "எதுக்குடா அழுகுற? அதான் எடுத்துட்டாங்கள்ல?" என்றாள்.

கிளம்பும்போது டாக்டர் அவளையே உட்காரவைத்துச் சொன்னார். இது திரும்பி வரக்கூடிய நோய். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டவேண்டும். நடுவில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும் அன்றைக்கே புறப்பட்டு வரவேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

"இது வலிக்காதாம்டி. அதுதான் அதோட களவாணித்தனம்" என்பாள் மதினி.

அவள் எங்களையும் விடவில்லை. யாராவது பின்பக்க அறையிலிருந்து வந்தால், "என்ன கலரு?" என்று கேட்பாள். ஜீப்பு ஸ்டாண்டில் மகனுடைய கூட்டாளிகளிடமும் இதையே கேட்டுவிட்டாள். "ஆத்தா, கொஞ்சம் மெதுவாப் பேசு, எல்லாப் பயலும் கேக்குறாங்க" என்று அவன் நெளிந்தான். "கேக்கட்டும்டா. அவிங்கெல்லாம் ஒண்ணுக்கே போறதில்லையா?"

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பையைத் தூக்கிக்கொண்டு, "குழாய் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு மதுரை பஸ்சில் ஏறுவாள். மறுநாள் வந்து, எப்படிப் படுக்கவைத்தார்கள், எங்கே எரிந்தது, எதுவும் வரவில்லை என்று டாக்டர் எப்படிச் சொன்னார் என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வாள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் அவள் போன நாளில் நாங்கள் யாரும் சரியாக வேலை செய்ததில்லை.

இப்படி இரண்டு வருடம் சுத்தமாகப் போனது. பிறகுதான் பக்கத்துத் தேவாரம் ஊரில் அந்தக் கல்யாணம்.

எங்கள் கூட வேலை செய்த ஒருத்தியின் மகளுக்குக் கல்யாணம். வேன் பிடித்துப் போனோம். பந்தியில் பீட்ரூட் பொரியல் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது அது வீட்டில் அடிக்கடி செய்கிற காய் இல்லை. மதினிக்குப் பிடித்துப்போய் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாள் காலையில் கும்பாவைப் பார்த்தால் சிவப்பு. அப்படியே மகனை எழுப்பி, அவன் சவாரியை நிறுத்தி, மதுரைக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே சோதனை செய்து பார்த்துவிட்டு, "இதுல ரத்தமே இல்லையேம்மா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

திரும்பி வந்து அதையும் அவளேதான் எங்களிடம் சொன்னாள். குடோனே உருண்டு சிரித்தது. அதிகமாகச் சிரித்தவள் நான்தான். அதோடும் விடவில்லை. யாராவது சிவப்புச் சேலை கட்டிவந்தால், "மதினி, பஸ்சு ஏறுங்க, செவப்புத் தெரியுது" என்பேன். மருதாணி வைத்துக்கொண்டு வந்தால், "மதினி, இதக் கொஞ்சம் டாக்டர்ட்டக் காட்டுங்க" என்பேன். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் சிரிப்பார்கள். மதினியும் சிரிப்பாள். இரண்டு மூன்று மாதம் அந்தக் கேலி ஓடியது. அவளுடைய வாயை வைத்தே அவளை மடக்கிவிட்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

அந்த வருடம் ஐப்பசி மழை பிடித்தது. மெட்டுப் பாதையில் மண் சரிந்து ஜீப்புகள் நின்று நின்று போயின. மதினியின் மகன் மேலேயே நாலைந்து நாள் தங்கிவிடுவான். அப்போதுதான் கவனித்தேன், மதினி யாரையும் எதுவும் கேட்பதில்லை. பின்பக்கம் போய்விட்டு வருகிறவர்களை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. மழைக்காலச் சோர்வு என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் அவள் உள்ளே இருந்தபோது நான் வெளியே காத்திருந்தேன். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். ஒரு ஆளுக்கு அவ்வளவு தண்ணீர் எதற்கு? அவள் வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல் போனாள். உள்ளே போனேன். தண்ணீர் வடிந்த சிமெண்டு மூலையில் ஒரு நூல் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்க் குடோனுக்குப் பின்னாலிருந்த சந்திலேயே அவளை நிறுத்தினேன்.

"மதினி, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"கேப்பக்கூழு."

"அதுக்கு முந்தின நாளு?"

"அதுவும் கூழுதான்."

"எத்தனை நாளா வருது?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. "இருவது நாளு இருக்கும்" என்றாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஏன் மதினி போகலை? நீங்கதான எங்க எல்லாருக்கும் சொல்லுவீங்க?"

"மொதல் நாளு பாத்ததும் துணிப்பைய எடுத்துட்டேன்த்தா. வாசல்ல போயி நின்னேன். இதுவும் ஒண்ணுமில்லன்னு ஆயிப்போச்சுன்னா, திரும்பி வந்து ஒங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு தோணுச்சு. நாளைக்குப் பாப்போம்னு விட்டேன். அப்பறம்…" கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பறம் பயம் வந்துருச்சு. மதுர ஆஸ்பத்திரியில ஒரு பொம்பளைக்கு மூத்திரப்பையவே எடுத்துப்பிட்டு, ஒண்ணுக்கு வர வயித்துல ஓட்டை போட்டு விட்டிருந்தாங்க. அவ போர்வையத் தூக்கிக் காட்டுனா. எனக்கும் அப்பிடித்தான் ஆகும்னு நெனச்சு ஒவ்வொரு நாளும் தள்ளிப் போட்டுட்டேன்."

நாற்பது பேர் நடுவில் சொல்லத் துணிந்த ஒருத்தியை வாயடைத்தது என்னுடைய சிரிப்பு. அந்தச் சந்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் தட்டிக்கொடுத்தாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நாளைக்குக் காலையில மொத பஸ்சு. நானும் வர்றேன்" என்றேன்.

"ஒனக்கு எதுக்குத்தா, சோலியக் கெடுத்துக்கிட்டு?"

"நான் வர்றேன் மதினி."

மகனுக்கு மேலே போகிற ஜீப்பில் சொல்லி அனுப்பிவிட்டு நாங்கள் இருவர் மட்டும் போனோம். வழி நெடுக அவள் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தபடியே வந்தாள். அதே டாக்டர்தான். அவர் சீட்டைப் பார்ப்பதற்குள் இவள் சொல்லிவிட்டாள். "போன தடவை பீட்ரூட்டத் தின்னுட்டு வந்து ஒங்கள அலைய வச்சுட்டேன். மன்னிச்சுக்கங்கய்யா. இந்தத் தடவை இருவது நாளு ஆயிப்போச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பீட்ரூட்டுக்கு ஓடி வந்தீங்களே, அதுதாம்மா சரி. இதுக்கு வராம இருந்ததுதான் தப்பு. பத்துத் தடவை ஒண்ணுமில்லாம வாங்க, நான் கோபப்பட மாட்டேன்."

இடுப்பில் ஊசி போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வயிற்றில் துளை போட்டிருந்தார்களே, அந்தப் பெண் இன்னும் இருந்தால் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று வார்டு பக்கம் போனேன். எந்தக் கட்டில் என்று தெரியவில்லை. யாரைக் கேட்பது, என்னவென்று கேட்பது? திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். மதினியாக இருந்தால் கேட்டிருப்பாள்.

மகன் மத்தியானத்துக்கு மேல் செம்மண் அப்பிய காலோடு வந்து சேர்ந்தான். சரிந்த இடத்தில் இறங்கி நடந்தே கீழே வந்திருந்தான். அவன் வந்து கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். இரண்டு இடத்தில் முளைத்திருக்கிறது, சின்னதுதான், மேலாகத்தான் இருக்கிறது, சுட்டுவிட்டோம், பையை எடுக்கவேண்டிய அவசியம் இல்லை என்றார். சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றான் மகன்.

ஊருக்கு வந்த மறுநாள் குடோனில் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். எழுந்து நின்றேன்.

"மதினிக்கு மூத்திரத்துல ரத்தம் வந்துச்சு. பழைய கட்டி திரும்ப வந்திருக்கு. நாம சிரிப்போம்னு பயந்து இருவது நாளு சொல்லாம இருந்திருக்காங்க. அந்தக் கேலிய ஆரம்பிச்சவ நான். இனிமே யாரும் அதச் சொல்லாதீங்க" என்றேன். மூத்திரம் என்ற வார்த்தையை நான் ஊருக்கு முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை. எடைக்கார அண்ணன் படிக்கல்லைக் கையில் வைத்தபடி நேராக நின்று கேட்டார்.

பிறகு வாரம் ஒரு தடவையாக ஆறு வாரம் மருந்து. குழாய் வழியாக மருந்தைப் பைக்குள் விட்டு, இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் மருந்து படுவதற்காகக் கால் மணிக்கு ஒரு தடவை புரண்டு படுக்க வேண்டும். நானும் மகனும் மாற்றி மாற்றிக் கூடப் போனோம். நான் போன நாட்களில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "மதினி, எடது பக்கம்", "மதினி, குப்புற" என்று நேரம் பார்த்துச் சொல்வேன். மூன்றாவது வாரம் அவளுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "குடோன்ல அத்தனை வருசம் அடக்கிப் பழகுனது வீணாப் போகலத்தா" என்று அவள் சொன்னதில் பக்கத்துக் கட்டில் அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அதற்குப் பிறகும் ஒரு தடவை வந்தது. அன்றைக்குத் தேதி மாறுவதற்குள் அவள் மதுரையில் இருந்தாள். அதையும் சுட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரருக்கு வேலை மாறி நாங்கள் போடியை விட்டுக் கிளம்பியபோது அவள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். ஜன்னல் வழியாக, நான் நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்பதைப் பஸ்சுக்கே சொன்னாள். அவள் பிறகும் வெகுகாலம் இருந்தாள் என்றும், வயதாகித்தான் போனாள் என்றும் மகன் எழுதியிருந்தான்.

எனக்கு அவளை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது, மருந்தெல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்துக் குழாய் பார்க்கப் போன நாள். டாக்டர் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கும்மா, ஒரு பொட்டு இல்லை" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் மதினி நன்னாரி சர்பத் வாங்கினாள். எனக்கு ஒன்று, அவளுக்கு மூன்று. "இன்னிக்குத்தான்த்தா பயமில்லாமக் குடிக்கிறேன்" என்றாள்.

உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டிக் கணவாயில் பஸ்சு திணறி ஏறிக்கொண்டிருந்தது. கூட்டமான பஸ்சு. மதினி திடீரென்று கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"டிரைவர் தம்பி, வண்டிய நிறுத்துப்பா. எனக்கு ஒண்ணுக்குப் போகணும்."

பஸ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் சின்ன வயதுக்காரன். முகம் சிவந்துபோய், "தேனியில போயி எறங்கிக்கலாம்மா" என்றான்.

"தேனி வரைக்கும் தாங்காதுப்பா. ஆம்பளைங்க நெனச்ச எடத்துல எறங்குறீங்கள்ல? நிறுத்து."

டிரைவர் சிரித்துக்கொண்டே ஓரம் கட்டினார். மதினி இறங்கினாள். துணைக்கு நானும் இறங்கினேன். சாலைக்குக் கீழே புதர்ப் பக்கம் நாலு எட்டு வைத்திருப்போம், பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கைக்குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு ஒரு பெண் வேகமாக இறங்கி வந்தாள். அவளுக்குப் பின்னால் முக்காட்டைப் பிடித்தபடி ஒரு கிழவி. அப்புறம் கல்லூரிப் பெண்கள் இருவர். அப்புறம் முன் சீட்டில் உம்மென்று உட்கார்ந்திருந்த ஒரு டீச்சரம்மா. கடைசியில் பெண்கள் பக்கம் முக்கால்வாசி காலியாகிவிட்டது.

புதர் மறைவில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் யாரையும் தெரியாது. மலைக்காற்று சேலையை இழுத்தது. மதினி குனிந்து பார்த்தாள். பிறகு அந்தக் கணவாய் முழுக்கக் கேட்கும்படி, "ஏ புள்ள, தண்ணி மாதிரி இருக்குடி" என்றாள். யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள், பிறகு எல்லாரும்.

கண்டக்டர் விசில் ஊதவே இல்லை. நாங்களாக ஏறி வருகிற வரைக்கும் வண்டி நின்றது.